ஒண்ணு நாப்பது பஸ்ஸும் என் மாமனாரும்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு, "மாமா! மாமா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில். தண்ணீரில் கிடந்த நான்கு எருமைகள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தன. ஒன்றுக்குக்கூட என் மாமனார் ஜாடை இல்லை.

என் தலையில் ஃபேக்டரியில் போடும் வலைத் தொப்பி. கழுத்தில் ஆரஞ்சுக் கயிற்றோடு காதடைப்பான். கையில் 'தரம்' என்று எழுதிய பச்சைப் பட்டை. இந்தக் கோலத்தில் ஒருவன் ஏரியைப் பார்த்து மாமா மாமா என்று கதறினால் யார்தான் சும்மா போவார்கள்? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தாள்.

"இன்னாப்பா, எந்த மாமாவக் கூப்புடற?"

"எங்க மாமாம்மா!"

"அதான் எந்த மாமான்னு கேக்கறேன். எங்க வூட்டுக்காரருகூடத்தான் ஒருத்தனுக்கு மாமா. அவுரு வூட்ல தூங்கிக்கினு கீறாரு."

அப்போதுதான் தண்ணீர் ஓரமாக ஒரு ஜோடி செருப்பு கண்ணில் பட்டது. ஓடினேன். எடுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். நல்ல சத்தமான அழுகை. இரண்டு கேவல்தான் முடிந்திருக்கும், தண்ணீருக்குள்ளிருந்து சோப்பு நுரையோடு ஒரு தலை எழுந்தது.

"யோவ்! செருப்பக் கீழ வைய்யா!"

மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே வைத்தேன். அந்த நேரத்திலும் ஒன்று சுருக்கென்று தைத்தது. கார்க் கண்ணாடியில் தலைமுடி கனத்துக்குக் கீறல் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவன் நான். அதற்குத்தான் எனக்கு வேலை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் மனுஷனின் செருப்பு கறுப்பா, பழுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நிமிஷம்

மாமனாரை உங்களுக்கு முறையாக அறிமுகம் செய்யவில்லை. ஏகாம்பரம். காஞ்சிபுரம் பக்கத்து ஆள். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தகரக் கூண்டு மாதிரி ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு நோட்டு, வாயில் ஒரு விசில். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவார். விசில் அடித்தால் வண்டி நகர வேண்டும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரோடு ஏற வேண்டும்.

நான் மல்லிகாவைப் பெண் பார்க்கப் போன அன்று வாசலில் நின்றிருந்தார். வரவேற்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணின்னீங்க மாப்ள. நாலு பன்னெண்டு."

என் அம்மா சமாளித்தாள். "ராகு காலம் போவட்டும்னு முனையில நின்னோம்."

"ராகு காலம் இன்னிக்கு காத்தாலயே பூடிச்சிம்மா."

அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆனார். அடுத்த வருஷமே மாமியார் போய்விட்டார். மகன் கிடையாது. குன்றத்தூரில் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தோம். அப்போது ரெண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தினம் ஒரு ஃபேக்டரி காம்பவுண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம்.

பெண் வீட்டில் வந்து தங்குவது என்றால் அந்தத் தலைமுறைக்கு ஒரு கூச்சம் உண்டு. வந்த நாளிலிருந்து விருந்தாளி மாதிரி சேர் நுனியில்தான் உட்காருவார். எங்கள் மரியாதை அதை இன்னும் மோசமாக்கியது. டம்ளரைக் கழுவப் போனால் மல்லிகா பிடுங்குவாள். "நீ உக்காருப்பா." காயப்போட்ட துணியை மடித்தால் நான் பாய்ந்து வாங்குவேன். கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று செருப்பைப் போட்டால் இரண்டு பேரும் சேர்ந்து மறிப்போம். மாமனாரை வேலை வாங்குகிறான் என்று தெரு பேசிவிடக் கூடாதே!

உக்காருங்க, உக்காருங்க என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டார்.

பேச்சு குறைந்தது. சவரம் நின்றது. தினம் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது ஒன்றுதான் நாங்கள் அவரிடமிருந்து பிடுங்காமல் விட்ட வேலை. அதையும் விட்டார். ஒன்பது நாள் ஒரே தேதி சுவரில் தொங்கியது. பத்தாம் நாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்க கட்டிக்கங்க மாப்ள. எனக்கு இனிமே மணி பாத்து இன்னா ஆவப்போவுது?"

வாங்கி ஷோகேஸில் வைத்தேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பயம்.

கதவுக்குப் பின்னால் ஒரு சார்ட்

டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் நல்ல மனுஷன். அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மனசு ரொம்ப சோர்ந்து கிடக்கு. மாத்திரை தர்றேன். கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க. அவருக்குன்னு ஏதாவது ஒண்ணு இருக்கணும், அதையும் பாருங்க" என்றார்.

'தனியா விடாதீங்க' என்பது வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. மிச்சத்துக்குள் நான் ஏரி, கிணறு, ரயில் என்று மனசுக்குள் ஒரு சுற்று போய் வந்துவிட்டேன்.

பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் சார்ட் போட்டேன். ஃபேக்டரியில் ஒரு மெஷின் மக்கர் செய்தால் அதன் பக்கத்தில் ஒரு தாள் மாட்டி மணிக்கு மணி டிக் போடுவோம். அதே மாதிரி மாமனார் அறைக் கதவுக்குப் பின்னால் ஒன்று மாட்டினேன். காலைச் சாப்பாடு, மாத்திரை, நடை, மதியச் சாப்பாடு, மதியத் தூக்கம், பேச்சு, சிரிப்பு. சரியாக நடந்தால் ஓகே. இல்லாவிட்டால் என்.ஜி. எங்கள் லைனில் தேறாத சரக்குக்குப் போடும் முத்திரை அது. சிரிப்பு வரிசையில் மேலிருந்து கீழ்வரை என்.ஜி. ஃபேக்டரியாக இருந்தால் அந்த லைனையே நிறுத்தியிருப்பார்கள்.

ஒரே ஒரு நாள் சார்ட்டில் பென்சிலால் ஒரு திருத்தம் இருந்தது. நான் 'மதியச் சாப்பாடு 1.10' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மணி மணியான எழுத்தில் '12.50' என்று போட்டிருந்தது. பார்த்தேன். சின்னத் தப்புதானே என்று விட்டுவிட்டேன். அவருடைய சாப்பாடு இருபது நிமிஷம் முன்னால் நகர்ந்தது ஏன் என்று கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் கூடுதலாக ஒரு தோசை கேட்டார். சவரம்கூடச் செய்துகொண்டார். மல்லிகா சந்தோஷப்பட்டாள். நானோ அவளைத் தனியாக இழுத்துப் போய்க் காதில் சொன்னேன்: "போவப் போறவங்கதான் இப்படித் திருப்தியா சாப்புடுவாங்களாம்."

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்றாள்.

"அப்பாவக் காணோம்"

அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கண்ணாடி லைனில் நின்றுகொண்டிருக்கிறேன். போன் என்றார்கள். மல்லிகா, முனை டெலிபோன் பூத்திலிருந்து.

"இன்னாங்க... அப்பாவக் காணோம். தூங்கறாருன்னுதான் நெனச்சேன். கதவு சாத்திக்கினு இருந்துது. தொறந்தா கட்டில் காலியா கீது. பின்பக்கக் கதவு தாப்பா போடல."

அடுத்து நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. ஷிப்ட் சூப்பர்வைசர் ஸ்கூட்டர் சாவி என் கையில் இருந்தது. அவர் கொடுத்தாரா, நான் பிடுங்கினேனா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு. வலைத் தொப்பியைக் கழற்றத் தோன்றவில்லை. புழுதிக்கு மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொள்ள மட்டும் தோன்றியது. பயத்திலும் சைனஸை மறக்காதவன் நான்.

குன்றத்தூர் ரோடு அப்போது ஒல்லி. பாதி வழியில், செங்கல் சூளை வளைவில், எதிரே ஒரு வெள்ளைக் கம்பெனி பஸ் நடுரோட்டில் நின்றது. இந்தப் பக்கம் ஒரு லாரி. இடுக்கில் நுழையப் பார்த்தேன். பஸ் படியில் நின்றிருந்த ஒருவர் குதித்து இறங்கி, குறுக்கே கையை நீட்டி மறித்தார். தலையில் துண்டு, வாயில் விசில். ஒரு பெண்ணைச் சாலை கடந்து பஸ்ஸில் ஏறவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது.

"யோவ் பெரிசு! வழிய வுடுய்யா! எங்க மாமனாரக் காணோம்!"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கையை மட்டும் 'இரு, இரு' என்று ஆட்டினார். விசில் ஊதினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தப் புழுதிக்குள் நான் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகை ஆசிரியர் அச்சில் போட மாட்டார்.

அப்புறம்தான் ஏரிக்கரை, எருமை, செருப்பு எல்லாம்.

ஷோகேஸ்

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா ஷோகேஸ் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். அழுத முகம்தான். ஆனால் அழுகை நின்றிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலையில இன்னாது அது?"

"அத வுடு! ஏரியெல்லாம் தேடிட்டேன் மல்லி..."

"வாட்ச்சக் காணோம்."

"ஐயையோ! வாட்ச்சும் பூடிச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"கத்தாதீங்க. யோசிங்க. ஏரில போய் வுழறவரு வாட்ச்ச தேடி எடுத்துக் கட்டிக்கினா போவாரு? விசிலும் பெட்டியில இல்ல." அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "எங்கப்பா எங்கியோ டூட்டிக்குப் போயிருக்காருங்க."

விசில் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. செங்கல் சூளை வளைவு. தலையில் துண்டு. 'இரு, இரு' என்ற கை.

இல்லை, இருக்காது. அந்த ஆள் நிமிர்ந்து நின்றான். குதித்து இறங்கினான். என் மாமனார் சேரிலிருந்து எழுவதற்கே இரண்டு தவணை எடுப்பாரே!

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். எங்களுக்கு வரும் போன் எல்லாம் அங்கேதான் வரும். ஓடிப் போய் எடுத்தேன். எங்கள் ஃபேக்டரி கேட் செக்யூரிட்டி தனபால்.

"சார், நீங்க இன்னா வூட்ல கீறீங்க? உங்க மாமனார் இங்க கேட்ல கீறாரு."

நான்கு நிமிஷம் முன்னால்

திரும்ப அதே ரோடு. அதே செங்கல் சூளை. இந்த முறை வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன், அழுதுகொண்டே என்றும் சொல்லலாம். கைக்குட்டை இரண்டு வகையிலும் நனைந்திருந்தது.

செக்யூரிட்டி ரூமில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சேர் நுனியில் இல்லை, முதுகு சாய்த்து. கையில் டீ. மணிக்கட்டில் வாட்ச். தனபால் தன் சேரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மாமனார் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, டூட்டி நேரத்துல வெளிய சுத்திக்கினு கீறீங்க?"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் முனையிலிருந்து இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் ஒன்றரைக்கு மேல் வரிசையாகக் கிளம்பும். எல்லாம் வெள்ளை. நம்பர் கிடையாது, போர்டு கிடையாது. கண்ணாடியில் ஒரு தாளில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்து ஒட்டியிருக்கும். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து புதிதாக வந்த ஆட்கள் தப்பான பஸ்ஸில் ஏறி, தப்பான கேட்டில் இறங்குவார்கள். உள்ளே விட மாட்டார்கள். ஒரு நாள் ஆப்சென்ட்.

ஒரு நாள் மல்லிகா குளிக்கும் நேரத்தில் கொத்தமல்லி வாங்கத் திருட்டுத்தனமாகப் போன மாமனார், இசக்கி என்ற ஒருவன் பையோடு அழாத குறையாக நின்றதைப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாளாகத் தவறவிட்டானாம். மூன்றாவது நாளும் போனால் வேலையே போய்விடுமாம். மறுநாள் பெட்டியிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டு போனவர்தான். எந்த பஸ் எந்தக் கம்பெனி, யார் யார் எங்கே ஏறுவார்கள் என்று நான்கே நாளில் மனப்பாடம். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பின்வாசல் வழியாகப் போய், பஸ்களை அனுப்பிவிட்டு, மல்லிகா காபி போடுவதற்குள் வந்து படுத்துக்கொள்வார். வாட்ச் ஷோகேஸுக்குத் திரும்பிவிடும்.

பதினோரு நாள்! அந்தப் பதினோரு நாளும் சாயங்காலம் நான் மல்லிகாவிடம் "தூங்கினாரா?" என்று கேட்டு, சார்ட்டில் ஓகே போட்டிருக்கிறேன். காலிக் கட்டிலைப் பரிசோதித்துத் தேர்ச்சி கொடுத்த ஒரே தர அதிகாரி இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

"இன்னிக்கு ஏன் மாமா பஸ்ஸுல ஏறினீங்க?"

"டிரைவர் புது ஆள். வழியில எங்க எங்க நிறுத்தணும்னு தெரில. சூளையாண்ட ஒரு பொண்ணு நிக்கும், புளியமரத்தாண்ட மூணு பேரு. வுட்டுட்டா அவங்க கதி இன்னாவறது? அதான் நானே ஏறிக்கினேன். ஒருத்தர வுடல. நாலு நிமிஷம் முன்னாடியே கொணாந்து சேத்துட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும். நடுவுல ஒரு பைத்தியக்காரன் ஸ்கூட்டர்ல வந்து கத்தினான். மாமனாரக் காணோமாம். அதுல ஒரு நிமிஷம் பூடிச்சி."

தனபால் என் வலைத் தொப்பியைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய கைக்குட்டையைப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"அது நான்தான் மாமா" என்றேன்.

மாமனார் என்னை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஏதோ மெதுவாக அவிழ்ந்தது. முதலில் தும்மப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். டீ சிந்தச் சிந்த, கண்ணில் தண்ணீர் வர, இருமி இருமிச் சிரித்தார். இரண்டு வருஷத்துச் சிரிப்பு.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் கேட்டேன். "ஏன் மாமா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வாணாம்னுவீங்க. மாப்ள வூட்ல சோறு துன்னுட்டு முனையில நின்னு விசிலடிக்கிறான்னு நாலு பேர் சொன்னா உங்களுக்குத்தானே கேவலம்."

கேவலமாகத்தான் நினைத்திருப்பேன். பொய் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால்.

பிறகு என் தோளுக்குப் பின்னாலிருந்து, காற்றில் பாதி போய்விடுகிற மாதிரி சொன்னார்:

"காத்தால முழிச்சா எதுக்கு முழிச்சோம்னு இருந்துது மாப்ள. அவ்ளோதான் விஷயம். இப்ப ஒண்ணு நாப்பதுக்கு பஸ்ஸு கீது."



ஏழு முப்பத்திரண்டு

மாத்திரையை நாங்கள் நிறுத்தவில்லை. டாக்டர்தான் பிறகு மெல்லக் குறைத்தார். நாங்கள் நிறுத்தியது 'உக்காருங்க' என்ற வார்த்தையை. மல்லிகா சமையலை முன்னால் நகர்த்தினாள். பின்வாசல் போக்குவரத்து நின்று, மாமனார் முன்வாசல் வழியாகவே போனார். டிரைவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு மாதத்தில் காலை ஜெனரல் ஷிப்ட் பஸ்களும் அவர் கைக்கு வந்தன. அதில் ஒன்று என் பஸ். ஏழரைக்கு.

ஒரு நாள் அடையாள அட்டையைத் தேடுவதில் தாமதமாகிவிட்டது. சட்டைப் பையிலேயே இருந்ததை வீடு முழுக்கத் தேடினேன். தெருக்கோடியிலிருந்து ஓடி வரும்போதே தெரிகிறது, பஸ் இன்னும் நிற்கிறது. படியில், இப்போது ஜெனரல் ஷிப்டுக்கு மாறிவிட்ட இசக்கி தொங்குகிறான். "தாத்தா, உங்க மருமவன் வாராக. ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று எனக்காக வாதாடுகிறான்.

மாமனார் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்து ஊதினார்.

பஸ் சரியாக ஏழரைக்குப் போய்விட்டது. மூச்சு வாங்க நான் முனைக்கு வந்து சேர்ந்தேன்.

"மாமா! நான்!"

"தெரியுது. ஏழு முப்பத்திரண்டு. உங்களுக்குன்னு நிறுத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." விசிலைப் பையில் போட்டார். "பொண்ணு பாக்க வந்தப்போ பன்னெண்டு நிமிஷம். இப்ப ரெண்டு. தேறிக்கினு வரீங்க."

நடுரோட்டில் புழுதிக்குள் நின்றேன். அரை நாள் லீவு போனது. இவ்வளவு நிம்மதியாக நான் எந்த பஸ்ஸையும் விட்டதில்லை.

அன்று சாயங்காலம் சிரிப்பு வரிசையில் ஒரு ஓகே போடலாம் என்று கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சார்ட்டை யாரோ திருப்பி மாட்டியிருந்தார்கள். பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, பஸ், நேரம், குறிப்பு என்று மூன்று வரிசை. அன்றைய தேதிக்கு நேரே குறிப்பில் ஒரே வரி, மணி மணியான எழுத்தில்:

'மாப்பிள்ளை. 2 நிமிடம் தாமதம். என்.ஜி.'